கம்பெனி பஸ்ஸில் ஒரு சிப்பாய்க் கலகம்

எங்கள் கம்பெனி பஸ் மாதனூர் தாண்டி நெடுஞ்சாலையோரம் பழுதாகி நின்ற ஒரு காலையில்தான், ஆம்பூரில் ஒரு பெரிய யுத்தம் நடந்தது என்பதே எனக்குத் தெரியவந்தது. அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. ஆங்கில இலக்கியத்தில் பட்டம் வாங்கிவிட்டு, ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்த வெட்கத்தில் பஸ்ஸில் யாரோடும் அதிகம் பேசமாட்டேன். போன வருஷம் வரை கல்லூரிக்குப் போன அதே சாலையில் இப்போது நீல ஓவர்கோட்டு போட்டுக்கொண்டு போகிறோமே என்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

வேறு பஸ் வர முக்கால் மணி நேரம் ஆகும் என்று டிரைவர் சொன்னார். நாங்கள் ஐம்பது பெண்கள் ஒரு பஞ்சர் கடையின் நிழலில் சாப்பாட்டுப் பையோடு நின்றோம். வருகையைப் பதிய பன்ச் வைக்க நேரமாகிறதே என்று சிலர் முணுமுணுத்தார்கள். அப்போது எங்களோடு வரும் ஒரு அக்கா, எதிரே தெரிந்த மலையைக் காட்டி, பக்கத்தில் இருந்தவளிடம் சாதாரணமாகச் சொன்னார்.

"ஆற்காடு நவாப் ஒருத்தர் இந்த மலைப் பக்கந்தான் செத்தாரு. யானை மேல உக்காந்துகினு. அவருக்கு வயசு நூத்துக்கும் மேலன்னு எழுதி வெச்சிருக்காங்க."

"நூறு வயசுல யானை மேலயா? எங்க மாமனாருக்கு அறுபதுதான் ஆவுது, பஸ்ல ஏற முடியல" என்றாள் ஒருத்தி.

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். ஆனால் விடவில்லை. இரண்டு பேர் நவாப் பட்டத்துக்கு அடித்துக்கொண்டது, ஒருவனுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் துணைக்கு வந்தது, கிழவர் தன் யானையை எதிரியின் யானைக்கு நேராக ஓட்டச் சொன்னது, போகிற வழியிலேயே துப்பாக்கிக் குண்டு பட்டுச் சாய்ந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கையை ஆட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. பக்கத்துத் தெருவில் நேற்று நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னார். பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். மாற்று பஸ் வந்து ஹாரன் அடித்தபோது, "இருங்கய்யா, முடியட்டும்" என்று டிரைவரிடம் சொன்னது அவர்தான்.

அக்காவுக்கு அப்போது நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. கம்பெனியில் ஸ்கைவிங் மிஷினில் இருந்தார். மடித்துத் தைப்பதற்கு வாகாகத் தோலின் ஓரத்தை மெலிதாகச் சீவும் வேலை அது. கொஞ்சம் அசந்தால் துண்டு வீணாகிவிடும். அவர் மேஜையிலிருந்து வருகிற துண்டுகளை நாங்கள் திருப்பிக்கூடப் பார்க்கமாட்டோம். அத்தனை சீராக இருக்கும். கணவர் பெங்களூரில் லாரி ஓட்டினார். ஒரே மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் வேண்டுமென்றே அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இதெல்லாம் எங்கக்கா படிச்சீங்க?"

"கவர்மெண்ட் பரீட்சைக்கும்மா. மூணு வாட்டி எழுதினேன். ஒருவாட்டி ரெண்டு மார்க்குல போச்சு. அப்பறம் வயசு தாண்டிப்போச்சு. பரீட்சை போச்சே தவிர, படிச்சது மண்டைய விட்டுப் போவல. அதுக்கப்பறமும் ஞாயித்துக்கிழமை லைப்ரரிக்குப் போய்க்கினுதான் இருக்கேன். இன்னா பண்றது, பழகிடுச்சி."

நான் படித்தவள் என்பது பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் எங்கள் ஊரிலிருந்து எட்டு மைலில் நடந்தது எனக்குத் தெரியவில்லை. எனக்கு அன்று உண்டான கூச்சம், மிஷின் ஓட்டுவதில் இருந்த கூச்சத்தைவிடப் பெரியது. அதுதான் என்னை மாற்றியது என்று நினைக்கிறேன்.

அந்த வாரத்திலிருந்து காலையில் டிரைவர் பாட்டுப் போடுவதை நிறுத்திவிட்டார். நாங்கள்தான் நிறுத்தச் சொன்னோம். ஏறி உட்கார்ந்ததும் யாராவது ஒருத்தி, "அக்கா, இன்னிக்கு இன்னா?" என்று கேட்பாள். அக்கா நடு சீட்டில் திரும்பி, முழங்காலை மடித்து உட்கார்ந்து சொல்வார். இலங்கையின் கடைசி ராஜாவை ராணிகளோடு கப்பலில் கொண்டுவந்து வேலூர்க் கோட்டையில் வைத்த கதை ஒரு வாரம் ஓடியது. நாட்டை இழந்த அந்த மனிதர் சாகிறவரை இங்கேதான் இருந்தார் என்றதும், இலங்கை அகதி முகாமிலிருந்து வருகிற பெண் ஒருத்தி மட்டும், "அவரைத் திரும்பிப் போறதுக்கு ஒருக்காலும் விடலையா?" என்று கேட்டாள். "விடல" என்றார் அக்கா. அவள் கையை ஒருதரம் அமுக்கிவிட்டுத்தான் மிச்சத்தைத் தொடர்ந்தார்.

செஞ்சியை ஆண்ட இளம் ராஜா, ஆற்காட்டுப் பெரும்படையைக் கொஞ்சம் பேரோடு எதிர்த்துச் செத்த கதையைச் சொன்னபோது பஸ்ஸில் சண்டையே வந்துவிட்டது. அவன் மனைவி உடன்கட்டை ஏறினாள், அவள் நினைவாகத்தான் ராணிப்பேட்டைக்கு அந்தப் பெயரை ஜெயித்த நவாப்பே வைத்தார் என்று அக்கா சொன்னார்.

"செத்தவன் செத்துட்டான். அவ எதுக்குக்கா நெருப்புல விழணும்?" என்றாள் பின் சீட்டில் இருந்தவள். அவள் கணவனை இழந்து இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவள்.

"விழக்கூடாதுதான். நான் விழச் சொல்லல. நடந்ததுன்னு சொல்றாங்க, அதச் சொன்னேன்."

"ஊருக்குப் பேர் வெச்சி இன்னா பிரயோஜனம்? அவள உசுரோட விட்டிருக்கலாம்."

"நீ சொல்றதுதான் சரி. இனிமே இந்தக் கதைய சொல்றப்ப நீ கேட்டதையும் சேத்துச் சொல்றேன்" என்றார் அக்கா. அப்படியே செய்தார் என்பது பிறகு எனக்குத் தெரிந்தது. யார் என்ன கேட்டாலும் அதற்கு இடம் கொடுத்துச் சொல்கிற அந்தக் குணத்தை நான் பல பெரிய படிப்பாளிகளிடம் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகுதான் வேலூர்ச் சிப்பாய்க் கலகம் வந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் நாலு வரி படித்ததுதான். அக்கா அதைப் பதினைந்து நாள் சொன்னார். சிப்பாய்கள் தாடி வைக்கக்கூடாது, நெற்றியில் குறி இடக்கூடாது, கடுக்கன் போடக்கூடாது, புதுத் தொப்பி போடவேண்டும் என்று உத்தரவு வந்தது. மறுத்தவர்களைக் கசையால் அடித்தார்கள். அந்தத் தொப்பியில் ஒரு தோல் குஞ்சம் இருந்தது என்று சொன்னதும் பஸ் முழுக்க ஒரு சலசலப்பு.

"தோலுக்காகவா சண்டை? நாம தெனம் தோல்லதான கைய வெச்சிக்கினு இருக்கோம்" என்றாள் ஒருத்தி. அவள் குரலில் வருத்தம் இருந்தது. தோல் வேலை என்பதாலேயே ஒதுக்கப்பட்ட குடும்பங்கள் எங்கள் பஸ்ஸில் பாதிக்கு மேல் இருந்தன.

"சில பேருக்கு அது பசுத்தோலோ பன்னித்தோலோன்னு பயம். அது உண்மைதான்" என்றார் அக்கா. "ஆனா நான் வேற மாதிரி யோசிக்கிறேன். உன் தலையில இன்னா இருக்கணும்னு உன்னக் கேக்காம ஒருத்தன் முடிவு பண்றான். வேணாம்னா அடிக்கிறான். அங்கதான் அவங்களுக்குப் பொறுக்கல."

அந்த வருஷம் கம்பெனி ஆண்டு விழாவில் ஒவ்வொரு பஸ்ஸும் ஒரு நிகழ்ச்சி கொடுக்கவேண்டும் என்றார்கள். எப்போதும் சினிமாப் பாட்டுக்கு ஆடுவதுதான் வழக்கம். எங்கள் பஸ் கலகத்தை நாடகமாகப் போடுவது என்று ஒரே நாளில் முடிவாகிவிட்டது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கேண்டீன் பின்னால் இருபது நிமிஷம் ஒத்திகை. பன்னிரண்டு பெண்கள் சிப்பாய்கள். ஆங்கிலம் தெரியும் என்பதால் என்னைக் கோட்டைத் தளபதியின் மனைவியாகப் போட்டார் அக்கா.

அந்த அம்மாளைப் பற்றி எங்களுக்கு அவர்தான் சொன்னார். கணவன் கலகத்தில் செத்துவிட, இரண்டு குழந்தைகளோடு ஒரு கோழிக்கூண்டில் ஒளிந்து உயிர் தப்பினாளாம். தேடி வந்த ஒரு சிப்பாய் அவளைக் கண்டுபிடித்தும் காட்டிக்கொடுக்கவில்லை. பசியில் இருந்த குழந்தைக்கு ரொட்டி கொண்டுவந்து கொடுத்தான் என்று அவளே பிறகு எழுதி வைத்திருக்கிறாளாம்.

தொப்பிதான் பெரிய வேலையாக இருந்தது. சாம்பிள் ரூம் மாஸ்டர் பாயிடம் போய்க் கேட்டோம். புது ஷூவுக்கு முதல் மாதிரி வெட்டுகிறவர் அவர். பேச்சில் பாதி உருது. அக்கா லைப்ரரிப் புத்தகத்திலிருந்து நோட்டில் வரைந்துவந்த படத்தைக் காட்டினார். மாஸ்டர் பாய் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது சரியா ஒக்காராதும்மா. நெத்தில இடிக்கும். வெய்ட்டும் ஜாஸ்தி" என்றார்.

"அதான் பாய், அவங்களுக்கும் பேஜாரா இருந்திருக்கு."

மாஸ்டர் பாய் வாய்விட்டுச் சிரித்தார். கழிவுத் துண்டுகளை வைத்து நாலு நாளில் பன்னிரண்டு தொப்பி தைத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் உள்ளே லைனிங் கூட வைத்திருந்தார். நாடகத்துக்குத்தானே, லைனிங் எதற்கு என்று நான் கேட்டேன். "என் கையில இருந்து போறதும்மா" என்று மட்டும் சொன்னார்.

விழாவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். பயமாக இருக்கிறது, நீயும் வா என்று அக்கா என்னையும் அழைத்துக்கொண்டு போனார். எங்கள் ஷூக்களை வாங்குகிற இங்கிலாந்துக் கம்பெனியிலிருந்து தரம் பார்க்க வரும் அம்மா, அந்தச் சனிக்கிழமை ஆம்பூரில் இருக்கப்போகிறாராம். விழாவுக்கும் வருவாராம். எங்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். அறுபது வயதுக்கு மேல். குறை இருக்கிற இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். அவர் வந்து போன நாளில் லைன் முழுக்க அம்பாக இருக்கும்.

"அவங்க எதிர்ல வெள்ளைக்காரங்கள வெட்டற மாதிரி நாடகம் போட முடியுமாம்மா? நல்லா இருக்குமா?" என்றார் மேனேஜர். அவர் கோபமாகப் பேசவில்லை. உண்மையிலேயே கவலைப்பட்டார். "பாட்டு ஏதாச்சும் ஆடிடுங்களேன்."

அக்காவின் விரல்கள் ஓவர்கோட்டின் பட்டனைத் திருகிக்கொண்டிருந்தன. ஆனால் குரல் பிசகவில்லை.

"சார், நாங்க யாரையும் திட்டல. ரெண்டு பக்கமும் செத்தாங்க. ரெண்டையும் காட்றோம். அவங்க ஊரு அம்மா ஒருத்தி குழந்தைங்கள வெச்சிக்கினு பட்ட பாட்டையும் நாங்க விடல. ஒருவாட்டி பாத்துட்டுச் சொல்லுங்க. வேணாம்னா விட்டுட்றோம்."

மறுநாள் மதியம் மேனேஜர் கேண்டீன் பின்னால் வந்தார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முழுவதும் பார்த்தார். ஷூ அனுப்பும் பெரிய அட்டைப் பெட்டிக்குள் நான் இரண்டு பொம்மைகளோடு ஒளிந்துகொள்கிற இடத்தில் அவர் போன் அடித்தது. எடுக்காமல் அணைத்தார். முடிந்ததும் எழுந்து, "தொப்பி கழண்டு விழுது, கிளிப் குத்திக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதுதான் அனுமதி என்று எங்களுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு, ஷெட்டுக்கு முன்னால் போட்ட பந்தலில் விழா. அந்த அம்மா முதல் வரிசையில் மேனேஜருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு முன்னால் குடியாத்தம் பஸ் பெண்கள் ஆடி, விசில் சத்தத்தில் பந்தல் அதிர்ந்தது. எங்கள் முறை வந்ததும் அக்கா ஓரமாக மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ்ஸில் சொல்வது போலவே சொன்னார். மேனேஜர் அதை அந்த அம்மாவின் காதோரம் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.

கோட்டைக்குள் சிறை வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் குடும்பத்தில் மகள் ஒருத்திக்குக் கல்யாணம் என்று மாஸ்டர் பாய் வீட்டுப் பெண்கள் சொல்லிக்கொடுத்த உருதுப் பாட்டோடு தொடங்கியது. தொப்பியை நீட்டியதும் சிப்பாய் வேஷத்தில் இருந்தவள் அதைக் கீழே வைத்தாள். கசையடி விழுந்தது. விடியும்போது திப்புவின் புலிக்கோடு போட்ட கொடி ஏறியதும் கூட்டம் எழுந்து நின்று கத்தியது. நான் பெட்டிக்குள் குந்தியிருந்தேன். அட்டையின் இடுக்கு வழியே அந்த அம்மாவின் முகம் மட்டும் தெரிந்தது. அது அசையவே இல்லை.

சிப்பாயாக நடித்தவள் பெட்டியைத் திறந்தாள். கணவன் இல்லாமல் பிள்ளைகளை வளர்க்கிறாள் என்று சொன்னேனே, அவள்தான். என்னையும் பொம்மைகளையும் பார்த்தாள். ஒத்திகையில் இல்லாத ஒன்றைச் செய்தாள். பொம்மையின் தலையைத் தடவினாள். பிறகு ரொட்டியைக் கொடுத்துவிட்டுப் பெட்டியை மூடினாள்.

கடைசியில் ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து கோட்டையைப் பிடித்ததையும், பிடிபட்டவர்களை வரிசையாகச் சுவரோரம் நிறுத்திச் சுட்டதையும் அக்கா சொன்னார். "அதுக்கப்பறம் அந்தத் தொப்பி உத்தரவ அவங்களே வாபஸ் வாங்கிட்டாங்க" என்று முடித்தார். பன்னிரண்டு பேரும் தொப்பியைக் கழற்றி மேடை ஓரத்தில் அடுக்கிவிட்டு இறங்கினார்கள்.

கைதட்டல் அடங்குவதற்குள் அந்த அம்மா எழுந்து மேடைப் பக்கம் வந்தார். மேனேஜர் பின்னாலேயே ஓடிவந்தார். அந்த அம்மா ஒரு தொப்பியை எடுத்தார். எங்கள் ஷூவைப் பார்ப்பது போலவே திருப்பினார், தையல் மேல் கட்டைவிரலை ஓட்டினார், உள்ளே லைனிங்கைப் பார்த்தார். நான் அவர் கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன், அம்பு ஸ்டிக்கர் எடுப்பாரோ என்று. அவர் என்னிடம் ஆங்கிலத்தில், இதைச் செய்தது யார் என்று கேட்டார். மாஸ்டர் பாயைக் காட்டினேன். சுத்தமான வேலை என்றார். பாய் லேசாகத் தலையைச் சாய்த்தார். அந்த அம்மா வாயிலிருந்து இருபது வருஷத்தில் அந்த வார்த்தையை இப்போதுதான் கேட்பதாக அவர் பிறகு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு அந்த அம்மா அக்கா பக்கம் திரும்பினார். ரொட்டி கொடுத்த சிப்பாய் என்ன ஆனான் என்று கேட்டார். நான் அதை அக்காவுக்குத் தமிழில் சொன்னேன்.

"தெரியலம்மா. அவன் பேரையே யாரும் எழுதி வைக்கல. சுவரோரம் நிக்க வெச்சவங்கள்ல அவனும் இருந்தானோ, தப்பிச்சானோ. நானும் ரொம்ப நாளாத் தேடிக்கினுதான் இருக்கேன். கெடைக்கல" என்றார் அக்கா.

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். இத்தனை வருஷமாக வேலூர் வழியாகத்தான் வந்து போகிறேன், அந்தக் கோட்டையில் ஒருமுறைகூட இறங்கியதில்லை என்றார் அந்த அம்மா. அக்காவின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் பஸ்ஸே வேலூர்க் கோட்டைக்குப் போனது. கம்பெனி பஸ் கொடுத்தது, டிரைவர் லீவு நாளிலும் வந்தார். அகழியில் தண்ணீர் நிறைந்திருந்தது. கோயில், மசூதி, மாதாகோவில் மூன்றும் ஒரே மதிலுக்குள் இருப்பதைச் சிலர் முதல்முறையாகப் பார்த்தார்கள். அக்கா இதற்கு முன் ஒரே ஒருமுறைதான் அங்கே வந்திருக்கிறார் என்று அன்றுதான் தெரிந்தது. மற்றதெல்லாம் புத்தகத்தில் பார்த்த கோட்டை. ஆனாலும் எந்தப் பக்கம் திரும்பினால் என்ன வரும் என்று சரியாகச் சொல்லிக்கொண்டே நடந்தார். குடும்பத்தோடு வந்திருந்த வேறு ஆட்களும் எங்கள் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். எந்த ஸ்கூல் டீச்சர் என்று ஒருவர் என்னிடம் கேட்டார். எங்கள் கம்பெனியில் தோல் சீவுகிறார் என்று நான் சொன்னேன். அதைச் சொன்னபோது எனக்கிருந்த பெருமை, பட்டம் வாங்கிய அன்றும் இருந்ததில்லை.

விழாவுக்குப் பிறகு மற்ற பஸ்காரர்களும் அக்காவைக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் குடியாத்தம் பஸ், பிறகு நாட்றம்பள்ளி பஸ். அதனால் சாயங்காலம் வேலை விட்டதும் வாரத்தில் இரண்டு நாள் வேறு ரூட்டில் போய், கடைசி நிறுத்தம்வரை கதை சொல்லிவிட்டு, டவுன் பஸ் பிடித்து வீடு திரும்புவார். உடம்புக்கு ஆகுமா என்று கேட்டால், "உக்காந்துகினுதான பேசறேன்" என்பார். நான் அந்த வேலையை விட்டு இப்போது ஒரு பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். அக்கா இன்னும் அதே மிஷினில்தான் இருக்கிறார். மகள் வேலூரில் நர்ஸாக இருக்கிறாள்.

போன மாதம் பார்க்கப் போயிருந்தபோது, என்னையும் நாட்றம்பள்ளி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டார். பாதி வழியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள். தங்கள் ஊர் ஏரிக்கரையில் ஒரு நடுகல் இருக்கிறது, மாட்டை ஓட்டிக்கொண்டு போனவர்களை எதிர்த்துச் செத்த ஒரு ஆளுக்கு வைத்தது என்கிறார்கள், அந்தக் கதை அக்காவுக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

"தெரியாது" என்றார் அக்கா. பையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்தார். முன் சீட்டில் இருந்தவளைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணைப் பக்கத்தில் கூப்பிட்டார். "நீ சொல்லும்மா. மெதுவா சொல்லு, எழுதிக்கிறேன்."